எனக்கென்று வாங்கிய சட்டி

கிண்ணத்தின் விளிம்புக்கு வெளியே ஒரு நண்டுக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட நேரத்திலிருந்து எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை.

போன மாதம் நடந்த கதை. கனடாவிலிருந்து பேத்தி தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளைக்காரப் பிள்ளை. சிரித்த முகம். கலியாணம் முடித்த கையோடு இரண்டு பேரும் தாய்லாந்து, வியட்நாம், சிங்கப்பூர் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கினார்கள். அவனுக்குக் கடல் சாமான் கண்ணில் காட்டக்கூடாதாம். ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் பேர்போன சாப்பாட்டை ஒரு வாயாவது ருசி பார்ப்பது என்று பிடிவாதமாம். “அம்மம்மா, இவர் தாய்லாந்திலை இறால் சூப்பைக் குடிச்சுப்போட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். வியட்நாமிலை சிப்பி. அண்டைக்கு முழுக்கக் கதையே இல்லை” என்று பேத்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்படிப்பட்டவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டணத்து ஹோட்டல் ஒன்றில் இருத்தி, ஒடியற் கூழுக்குச் சொல்லியிருந்தார்கள். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த மாவைக் கரைத்து, நண்டு, இறால், கணவாய், மீன் என்று கடலில் உள்ளதில் பாதியை உள்ளே போட்டுக் காய்ச்சுகிற கூழ். கிண்ணம் வந்தது. நண்டுக் காலைப் பார்த்தான். முகம் வெளிறிப்போய்விட்டது. இரண்டு கையையும் கூப்பி, பேத்தி சொல்லிக் கொடுத்த தமிழில், “வேண்டாம், நன்றி” என்றான்.

பரிமாறிய பொடியன் சிரித்துக்கொண்டே, “நோ புரொப்ளம் சேர், வெஜிற்றபிள் கூழ் இருக்கு” என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவ்வளவுதான். ஒருவருடைய முகமும் மாறவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத்தான் இருக்க முடியவில்லை. கை கழுவப் போகிறேன் என்று எழும்பினேன். கழுவிவிட்டு வந்து இருந்தேன். திரும்பவும் எழும்பினேன். “அம்மம்மாவுக்கு என்ன, கை இன்னும் ஊத்தையோ?” என்று பேத்தி கேட்டாள். மூன்றாம் முறை தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது குசினிக் கதவு திறந்து, பழப்புளியும் செத்தல் மிளகாயும் நண்டும் ஒன்றாகக் கொதிக்கிற மணம் முகத்தில் அடித்தது. எனக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது.

எங்கள் வீடு கொடிகாமத்துக்கு உள்ளே இருந்தது. தோட்டம் செய்கிற ஆட்கள், சுத்த சைவம். முட்டைகூட வாசற் படலைக்குள் வராது. அப்பா மாமரத்தால் விழுந்து இடுப்பு ஏலாமல் படுத்த பிறகு, அம்மா பனையோலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போய் மரக்கறி விற்றார். பிறகு அம்மாவுக்கும் கால் வீங்கிவிட்டது. அடுத்தது யார்? ஐந்தாம் வகுப்போடு மறித்து வீட்டில் இருத்தப்பட்ட நான்தான். புதன்கிழமைகளில் முதல் பஸ்ஸில் முருங்கைக்காய், பயற்றங்காய், பலாக்கொட்டை, ஒரு கட்டு முருங்கையிலை. சந்தைக்குள் ஆம்பிளைகளோடு முண்டியடிக்க என்னால் முடியாது என்று அம்மாவுக்குத் தெரியும். ஆகையால் குருநகரின் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்கு அனுப்பினார். கடலுக்குப் போகிற சனம். அவர்களுக்கு மரக்கறி தேவை, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வரலாம் என்பது கணக்கு.

கூவி விற்கிற தொழிலுக்குக் கூச்சம் பிடித்தவளை அனுப்பினால் என்ன நடக்கும், நீங்களே சொல்லுங்கள். முதல் புதன்கிழமை ஒரு படலையடியில் போய் நின்றேன். யாராவது நிமிர்ந்து பார்த்தால் சொல்லலாம் என்று நின்றேன். நின்ற நிலையைப் பார்த்து அந்த வீட்டு நாய் முதலில் குரைத்து, பிறகு அலுத்து, கடைசியில் என் காலடியிலேயே படுத்துவிட்டது.

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவள்தான் பிலோமினா அக்கா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மூன்று பிள்ளைகள். வலை ஊசியைப் பல்லுக்கிடையில் கடித்தபடி கேட்டாள்.

“ஆரடி அது? ஆரைத் தேடுறாய்?”

“ஒருத்தரையும் இல்லை.”

“அப்ப என்னத்துக்கு நிக்கிறாய்?”

“முருங்கைக்காய்…”

“முருங்கைக்காயோ? உந்த ஒரு சொல்லைச் சொல்லுறதுக்கோ இவ்வளவு நேரம்? என்ரை நாயே நித்திரையாப் போச்சுது!”

ஊசியைப் போட்டுவிட்டு எழும்பி ஒழுங்கைக்கு வந்தாள். இடுப்பில் கையை வைத்தாள். “எடியே றீற்றா! முருங்கைக்காய் வந்திருக்கு, ஓடியாங்கோடி! தென்மராட்சி முருங்கைக்காய், பிந்தினால் கொப்புத்தான் மிச்சம்!” அந்தச் சத்தம் இறங்குதுறை மட்டும் கேட்டிருக்கும். அரை மணித்தியாலத்தில் என் கடகம் காலி. அன்றையிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் சாமான் என்னுடையது, வாய் அவளுடையது. எனக்கு அவள் வைத்த பேர் முருங்கைக்காய்ப் பிள்ளை.

எங்கே விட்டேன்? ஓம், கூழ். அதற்கு முதல் போத்தலைச் சொல்ல வேண்டும்.

அம்மா ஒரு பழைய சோடாப் போத்தலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, வாழைச்சருகைச் சுருட்டி அடைத்துக் கடகத்துக்குள் வைத்துவிடுவார். வைக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்வார். “வித்தமோ, வந்தமோ எண்டு இருக்கவேணும். அங்கை தண்ணி வென்னி வாங்கிக் குடிச்சிடாதை. விளங்கிச்சோ?” ஏன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கடலுக்குப் போகிறவர்களுடைய கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு கட்டு இருந்தது. கோயில், குளம், கிணறு மாதிரி அதுவும் இருந்தது. அவ்வளவுதான்.

பிலோமினா அக்கா வீட்டில் ஒரு புதன்கிழமை கூழ் காய்ச்சினார்கள். முற்றத்தில் பெரிய பானை. பனையோலையை மடித்துக் கட்டிய பிளாக்களில் எல்லோருக்கும் ஊற்றினாள். எனக்கும் ஒன்றை நீட்டினாள். “பிடி. இதிலை பாதி உன்ரை சாமான்தான். உன்ரை பயற்றங்காய், உன்ரை பலாக்கொட்டை, உன்ரை முருங்கையிலை. மிச்சம் என்ரை மனிசன்ரை.” ஓலைக்குள்ளிருந்து ஒரு நண்டுக் கால் என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. மணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அக்கா, நான் மச்சம் சாப்பிடுறேல்லை.”

மீனும் இறைச்சியும் எங்கள் பேச்சில் மச்சம்தான். அவள் கடகத்துக்குள் நின்ற சோடாப் போத்தலை ஒருக்கால் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

“சைவமோ? உதை முந்தியே சொல்லியிருக்கலாமே விசரி. நான் வேறை என்னவோ நினைச்சுப்போட்டன்.”

அந்த ‘வேறை என்னவோ’ என்னவென்று எனக்கும் தெரியும். தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சைவம் என்ற சொல் எவ்வளவு வசதியான சொல்! அதற்குப் பின்னால் நின்றால் உங்களை ஒருவரும் காணமாட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை போனால், முற்றத்தின் மற்றத் தொங்கலில், வேலி ஓரமாக, மூன்று கல்லை வைத்துப் புதிதாக ஓர் அடுப்பு. அடுப்பில் புதுச் சட்டி. சிவந்த மண் நிறம் இன்னும் மாறவில்லை. பக்கத்தில் புது அகப்பை. பிலோமினா அக்கா தலைமுழுகி ஈரக் கூந்தலோடு நின்றாள்.

“முருங்கைக்காய்ப் பிள்ளை, வா வா. இஞ்சை பார். இது உனக்கெண்டு வாங்கின சட்டி. ஒரு மீன் முள்ளும் படேல்லை. பிள்ளையளைக்கூடக் கிட்ட விடேல்லை. நானும் முழுகிப்போட்டுத்தான் காய்ச்சினனான். நண்டும் இல்லை, நெத்தலியும் இல்லை. இனிப் புதனுக்குப் புதன் உனக்கு உதிலைதான் சமையல். வெயிலுக்கை வெறும் வயித்தோடை போகேலாது.”

பிளாவை நீட்டினாள். சைவக் கூழ் மணம். மாவும் புளியும் என் வீட்டு முருங்கையிலையும். இந்த முறை முகத்தைத் திருப்பத் தோன்றவில்லை. சொல்லப்போனால் வாய் ஊறியது.

என் கை நீளவில்லை.

அவள் கையில் பிளா, என் கை கடகத்தில். கடைசியில் என் வாயால் வந்தது இதுதான்:

“இண்டைக்கு விரதம் அக்கா.”

“புதன்கிழமையோ?”

“ஓம்.”

“வெள்ளிக்கிழமை விரதம் கேள்விப்பட்டிருக்கிறன். செவ்வாயும் கேள்விப்பட்டிருக்கிறன். புதன்கிழமை எந்தச் சாமியின்ரை விரதமடி? உன்ரை கடகத்துக்குள்ளை புட்டுப் பார்சல் மணக்குது.”

பகிடியாகத்தான் தொடங்கினாள். சொல்லிக்கொண்டு போகும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. சோடாப் போத்தலைத் திரும்பவும் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இறங்குதுறை மட்டும் கேட்கிற அந்தக் குரலை எடுக்கவே இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு எனக்குக் காய்ச்சிய கூழை ஊற்றிக் கொடுத்தாள். சின்னவன் பிளாவுக்குள் விரலை விட்டுத் துழாவிவிட்டு, “அம்மா, இதிலை நண்டைக் காணேல்லை!” என்றான். வேறு நாளென்றால் எல்லோரும் சிரித்திருப்போம்.

சட்டியைக் கழுவினாள். வேலிக் கதியால் கம்பில் தலைகீழாகக் கவிழ்த்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி சொன்னாள்.

“மீன்தான் உனக்கு ஆகாதெண்டு நினைச்சன் பிள்ளை.”

பிறகு வந்த மூன்று புதன்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் கால் தரிக்காது. வீட்டில் கிணற்றடிக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்புவேன். கீரை ஆய்ந்தால் தண்டைச் சட்டிக்குள் போட்டு இலையை எறிவேன். “உனக்கு என்ன பிடிச்சிருக்குது?” என்று அம்மா கேட்பார். குருநகருக்குப் போனால் அவளுடைய ஒழுங்கைக்குள் திரும்ப மாட்டேன். அடுத்த ஒழுங்கையால் சுற்றுவேன். சுற்றி வந்து பார்த்தால் திரும்பவும் அதே முடக்கில் நிற்பேன். ஒரு நாள் நானே கூவிப் பார்த்தேன். கோழியை மிதித்தது போல ஒரு சத்தம் வந்தது. வேலிக்கு உள்ளேயிருந்து யாரோ, “என்ன நடந்தது பிள்ளை, விழுந்திட்டியோ?” என்று கேட்டார்கள். வாடின முருங்கையிலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

விற்காத மரக்கறிக்காகத்தான் மனம் அலைகிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை. மீன்தான் தடை என்று நான் சொன்னதை அவள் நம்பி, வெயிலில் போய்ப் புதுச் சட்டி வாங்கி வந்தாள். என் சொல்லை மெய்யென்று எடுத்தவளுக்கு அதைப் பொய்யென்று காட்டியது நான்தான். இனி நான் எதைச் சொன்னால் அவள் நம்புவாள்? அதுதான் உள்ளே குடைந்தது.

நாலாம் புதன்கிழமை சோடாப் போத்தலைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டுப் போனேன். மறந்து அல்ல. வாழை மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போனேன்.

மத்தியானம் அவளுடைய படலையில் நின்றேன். நாய்க்கு என்னை ஞாபகம் இருந்தது, வாலை ஆட்டியது. அவள் வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“முருங்கைக்காய் வேண்டாம்.”

“விக்க வரேல்லை அக்கா.”

“அப்ப?”

“தண்ணி விடாய்க்குது.”

ஊசி நின்றது. “போத்தல் எங்கை?”

“கொண்டரேல்லை.”

கடகத்துக்குள் எட்டிப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். “தண்ணியோ, கூழோ?”

“கூழ்.”

“சைவக் கூழ் இல்லை. உன்ரை சட்டியை மீன் சட்டியாக்கிப்போட்டன். நீ வேண்டாமெண்ட பிறகு உதை வைச்சுப் பூசை செய்யிறதோ?”

மண்சட்டியில் ஒருக்கால் மீன் வெந்தால் பிறகு என்ன கழுவினாலும் அது சைவச் சட்டியாகாது. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். எனக்கென்று வாங்கிய சட்டி அன்றைக்கும் அடுப்பில்தான் இருந்தது, அடி கறுத்து, உள்ளே நண்டோடு.

“இருக்கிறதைத் தாங்கோ அக்கா.”

சாப்பிட்டதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நண்டுக் காலை எந்தப் பக்கத்தால் கடிப்பது என்று தெரியாமல் பல்லால் நெரித்து, கன்னமெல்லாம் கூழ். இறாலின் மீசை மூக்குக்குள் போனது. கணவாய் செருப்புத் தோல் போல இருந்தது, மென்றேன், மென்றேன், அது அப்படியே இருந்தது. கண்ணை மூடி மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன். “மூக்கைப் பொத்தி என்ன செய்யிறது, உன்ரை முருகன் கண்ணைப் பொத்தேல்லையே!” என்றாள். பிளாவை வழித்து முடித்துவிட்டு எழும்பி வேலிக்குப் பின்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் சத்தி எடுத்தேன்.

அவள் பின்னால் வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். செம்பில் தண்ணீர் தந்தாள். கொப்பளித்துவிட்டு, மிச்சத்தைக் குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வெளியாலை வந்தாலும் குடிச்சது குடிச்சதுதானடி” என்றாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனாள். “எடியே றீற்றா!”

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், எனக்குக் கலியாணம் பேசும்வரை, புதனுக்குப் புதன் அந்த வீட்டில் சாப்பிட்டேன். திருக்கை, சுறா வறை, கணவாய்க் கறி. ஒன்றும் எனக்குப் பிடித்ததில்லை, இன்றுவரைக்கும் பிடிக்காது. வேறு எந்த வீட்டிலும் தொட்டதில்லை. அம்மாவுக்கு மணம் பிடித்துவிட்டது.

“என்னடி மணக்குது?”

“பஸ்ஸிலை கருவாட்டுக் கடகம் அம்மா.”

“புதனுக்குப் புதனோ?”

பிறகு அம்மா கேட்கவில்லை. சோடாப் போத்தலை நிரப்பித் தருவதை மட்டும் கடைசிவரை விடவில்லை. நான் அந்தத் தண்ணீரை பஸ் நிற்கிற இடத்துப் பூவரசுக்கு ஊற்றிவிட்டு வருவேன். அந்தப் பூவரசு நல்லாய் வளர்ந்தது.

ஒரு நாள் சுறா வறையை விழுங்க முடியாமல், பகிடி போலக் கேட்டேன். “அக்கா, எனக்கு இன்னொரு சட்டி வாங்குங்கோவன்.”

அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “உதெல்லாம் ஒருக்காத்தான் பிள்ளை.”

பிறகு நான் சாவகச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். பிறகு சண்டை வந்தது. அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று எல்லோரும் மூட்டை தூக்கினோம். ஊர் அடங்கிய பிறகு ஒரு முறை குருநகருக்குப் போய்த் தேடினேன். கிடுகு வேலி இல்லை, கதியால் இல்லை. இரண்டு பக்கமும் மதில், இரும்புக் கேற். எந்தக் கேற்றைத் தட்டுவது? தட்டுவதற்கும் கூச்சம். நாய் ஒன்று குரைத்தது, அது வேறு நாய். பிலோமினா இந்தியாவுக்குப் போனவ என்று ஒருவர் சொன்னார். அப்படி ஒருவரைத் தெரியாது என்று இன்னொருவர் சொன்னார்.

“அம்மம்மா! கூழ் ஆறுது!” என்று பேத்தி கூப்பிட்டாள்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து இருந்தேன். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு முன்னால் மரக்கறிக் கூழ் வந்திருந்தது. வெள்ளைக் கிண்ணம், மேலே முருங்கையிலை. அவன் சந்தோஷமாகக் குடித்துக்கொண்டிருந்தான். பரிமாறுகிற பொடியன் பக்கத்தில் வந்தபோது, எனக்கே தெரியாமல் வாய் திறந்தது.

“தம்பி, உது வேறை சட்டியிலையோ காய்ச்சினது?”

பொடியன் சிரித்தான். “எல்லாம் ஒரே பெரிய சட்டிதான் அம்மா. மரக்கறியோடை காய்ச்சி எடுத்து வைச்சுப்போட்டு, மிச்சத்துக்குத்தான் நண்டு போடுறது. ஆரம்மா இப்ப உதெல்லாம் பாக்கினம்?”

நல்லதுதான். பார்க்காமல் இருப்பது நல்லதுதான். இந்தப் பிள்ளை வேண்டாம் என்று கை கூப்பினான், ஒருவருக்கும் நோகவில்லை. நொந்தவர் இல்லை என்றபடியால் வெயிலில் சட்டி வாங்கப் போனவரும் இல்லை.

அவன் நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டான். கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, கரண்டியைத் துடைத்துத் தந்தான். பேத்தி, “எப்பிடியம்மம்மா? அந்தக் காலத்துக் கூழ் மாதிரி இருக்குதோ?” என்று கேட்டாள்.

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். புளி சரி, உறைப்பு சரி, முருங்கையிலை கொஞ்சம் முற்றல். எதோடு வைத்துச் சொல்வது? பிலோமினா அக்கா முழுகிவிட்டு வந்து புதுச் சட்டியில் காய்ச்சிய அந்தக் கூழை அன்றைக்கு அவளுடைய பிள்ளைகள்தான் குடித்தார்கள். நான் குடிக்கவில்லை.

“தெரியேல்லை பிள்ளை” என்றேன். இன்னொரு கரண்டி எடுத்தேன்.